ஆவணி பதினொன்று

யாழ்மொழிக்கு முதன்முதலாகக் குமட்டியது, பெற்ற பிள்ளையைத் தூக்கியபோது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் கொஞ்சம் சிரிப்பாகப் போகும். சிரிக்கிற மும்முரத்தில் இது மறந்துவிடக் கூடாது, கண்ணுகளா.

பிள்ளைக்கு அப்போது நாலு மாதம். குளிப்பாட்டித் துவட்டி, உச்சந்தலையில் முகம் வைத்தாள். பெற்றவளுக்கு அந்த இடத்தில் மூக்கை வைத்தால் எடுக்க மனசு வராது. இவளுக்கோ அடிவயிற்றிலிருந்து ஒரு புரட்டுப் புரட்டியது. பிள்ளையை மெத்தையில் கிடத்திவிட்டு ஓடினாள். வாய் கொப்பளித்துவிட்டு வந்து மறுபடி தூக்கினாள். மறுபடி ஓடினாள். மூன்றாம் தடவை அவளைப் பார்த்ததும் பிள்ளை கெக்கலி கொட்டிச் சிரித்தது. அம்மா ஓடிப்பிடித்து விளையாடுகிறாள் என்று நினைத்துக்கொண்டது பாவம்.

எல்லாம் அந்தப் படியால் வந்தது.

இன்றைக்கு இருபத்தைந்து வருஷம் தள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். கோயம்புத்தூர்தான். மேம்பாலத்துக்கு மேலே ஒரு மேம்பாலம் கட்டி, அதற்கும் மேலே மூன்றாவதற்குத் தூண் நிறுத்தியிருக்கிறார்கள். கீழே அதே இடத்தில் அதே நெரிசல். இப்போது நவநாகரிகமாகத் தெரிகிற பெயர்களெல்லாம் அப்போது மாமியார் பெயர்களாகிவிட்டன. யாழ்மொழியின் மாமியார் பெயர் சுகன்யா. அம்மா பெயர் ரம்யா. சுகன்யா வீட்டில் கிரைண்டர் கம்பெனி. ரம்யா பொள்ளாச்சிக்காரர். சம்மந்தி இருவரும் எதிலும் ஒத்துப்போனதில்லை, ஒன்றைத் தவிர. மருமகளுக்கு, மகளுக்கு, கல்யாணம் ஆன கையோடு படி எடுத்துவிட வேண்டும்.

அந்தக் காலத்தில் புதுப்பெண்ணைப் பார்க்க வருகிறவர்கள் சௌக்கியத்துக்கு அடுத்து கேட்டது அதைத்தான். "படி எடுத்தாச்சுங்களா?"

எடுக்கிற இடத்துக்கு மீள்மேனி மையம் என்று பெயர். கண்ணாடிக் கட்டடம். உள்ளே நுழைந்தால் மல்லிகை வாசம் அடிக்கும், ஆனால் எங்கேயும் மல்லிகை இருக்காது. அங்கே வேலை செய்கிற பெண்கள் எல்லாருக்கும் ஒரே இடுப்பு. அதில் ஒருத்திதான் சுகன்யாவுக்கு விளக்கினாள்.

"உங்க மருமக இன்னிக்கு எப்படி இருக்காங்களோ அப்படியே ஒரு படி எடுத்து வெச்சுக்குவோம் ஆன்ட்டி. தோல், தசை, கொழுப்பு, ரத்தத்துல ஓடற சுரப்பு வரைக்கும். குழந்தை பொறந்த பிறகு ஒரே ஒரு ஊசி. அதுல கண்ணுக்குத் தெரியாத கொத்தனாருங்க கோடிக்கணக்குல இருப்பாங்க. படியப் பார்த்துப் பார்த்து ஒரே மண்டலத்துல, நாப்பத்தெட்டு நாள்ல, பழைய மாதிரியே கட்டிக் குடுத்துருவாங்க."

"கொத்தனாருன்னா சொன்ன தேதிக்கு முடிப்பாங்களா அம்மணி?" என்றார் சுகன்யா. வீடு கட்டிப் பட்டவர்.

"முடிச்சிருவாங்க. முடிச்சுட்டுப் போகவும் மாட்டாங்க. உள்ளயே இருப்பாங்க. உடம்பு எப்பப் படிய விட்டு விலகினாலும் இழுத்துப் பிடிச்சு அதே இடத்துல நிறுத்திருவாங்க. வாழ்நாள் உத்தரவாதம்."

வாழ்நாள் உத்தரவாதம் என்றதும் சுகன்யா கையெழுத்துப் போடப் பேனா தேடினார். கிரைண்டருக்கே அஞ்சு வருஷம்தான் அவரால் கொடுக்க முடிந்தது.

கல்யாணம் ஆனியில் நடந்தது. அன்றைக்கே படி எடுத்திருக்கலாம். மையத்தில் எழுதியே ஒட்டியிருக்கிறார்கள், முடிந்தவரை சீக்கிரம் எடுங்கள் என்று. ஆனால் ஆடி வந்துவிட்டது. ஆடியில் யாராவது புதுக் காரியம் தொடங்குவார்களா? உடம்பை அணு அணுவாகப் படியெடுக்கிற விஞ்ஞானம் வந்துவிட்டது. அதற்கும் வளர்பிறை, சுபமுகூர்த்தம் பார்த்துத்தான் வருவார்கள். ஆடி முதல் தேதியே பெண்ணைப் பொள்ளாச்சிக்கு அழைத்துப் போய்விட்டார் ரம்யா. மாப்பிள்ளை ஹர்ஷவர்தன் கோவையில். ஆடியில் சேர்ந்தால் சித்திரையில் பிள்ளை, சித்திரை வெயில் பிள்ளைக்கு ஆகாது. வீட்டுக்கு ஏழு ஏசி ஓடுகிற காலத்திலும் இந்த வெயில் பயம் மட்டும் போகவில்லை.

ஆடி முடிந்து, பெண் திரும்பி வந்து, நல்ல நாள் பார்த்து, ஆவணி பதினொன்றாம் தேதி காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் படி எடுத்தார்கள். இயந்திரத்துக்குள் போகுமுன் மையத்துப் பெண் படிவத்தை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டாள். ஒவ்வாமை உண்டா? இல்லை. அறுவை சிகிச்சை? இல்லை.

"நாள் தள்ளிப் போயிருக்குங்களா?"

யாழ்மொழிக்கு வலப்பக்கம் அம்மா. இடப்பக்கம் மாமியார். பத்து நாள் தள்ளிப் போயிருந்தது. அவள் வாயைத் திறக்குமுன் ரம்யா முந்திக்கொண்டார்.

"அதெப்படிங்க தள்ளும்? ஆடி பூரா எங்கூட்டுலதான இருந்துச்சு!"

"அதான!" என்றார் சுகன்யா. சம்மந்திகள் ஒத்துப்போன அபூர்வமான நிமிஷம் அது. அதைக் கெடுக்க யாழ்மொழிக்குத் தைரியம் இல்லை.

"இல்லைங்க," என்றாள்.

ஒரு சொட்டுச் சிறுநீரில் தெரிந்துபோகிற விஷயம். ஏன் சோதிக்கவில்லை என்று கேட்பீர்கள். முதலில் சோதித்துக்கொண்டுதான் இருந்தார்களாம். "கல்யாணம் முடிஞ்ச கையோட எங்க பொண்ணுக்கு அந்த டெஸ்டா? என்ன குடும்பம்னு நெனச்சீங்க?" என்று நாலு குடும்பம் வந்து கண்ணாடியை உடைத்த பிறகு நிறுத்திவிட்டார்கள்.

பிள்ளை சித்திரை பதின்மூன்றில் பிறந்தது. மூன்று கிலோ இருநூறு. "மூணு வாரம் அவசரப்பட்டு வந்துட்டான், குறைமாசம்," என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் ரம்யா சொன்னார். வந்தவர்கள் அந்தக் குறைமாசத்தின் தொடையைக் கிள்ளிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் காபி குடித்துவிட்டுப் போனார்கள்.

ஆனி கடைசியில், அடுத்த ஆடி பிறக்குமுன் ஊசி போட்டுவிட வேண்டும் என்றார் சுகன்யா. யாழ்மொழிக்கு அப்படியொன்றும் அவசரமில்லை. வயிறு பிசைந்த மாவு மாதிரி குழைந்து கிடந்தது. தொப்புளைச் சுற்றி ஊதா வரிகள், தென்னங்கீற்றுப் போல. பால் ரவிக்கையை நனைத்துக்கொண்டே இருந்தது. பிள்ளை குடிக்கும்போது ஒரு கையால் அந்த வரியையே தடவிக்கொண்டிருக்கும்.

ஹர்ஷாவிடம் கேட்டாள். "எனக்கு இப்படியே இருந்தா என்ன?"

"உனக்கு எது சௌகரியமோ அதைச் செய் யாழ்," என்றான். நல்ல பையன். சொல்லும்போது அவன் கண் மையத்தின் பட்டியலில் இருந்தது. வயிறு மட்டும், வயிறும் மார்பும், இடுப்பும் தொடையும், வரி நீக்கம் மட்டும், முழுமேனி என்று ஐந்து வகை போட்டிருந்தது. கடைசியில் சின்ன எழுத்தில் பழைய முறைகள்: தோலை வெட்டித் தைத்தல், கொழுப்பை உறிஞ்சி எடுத்தல், மார்பைத் தூக்கி நிறுத்துதல். படி எடுக்காத ஏமாளிகளுக்கு. அவன் விரல் சௌகரியமாக 'முழுமேனி'யில் போய் நின்றது.

ஊசிக்கு முன்னால் இன்னொரு முறை இயந்திரத்தில் படுக்கச் சொன்னார்கள்.

"இது எதுக்குங்க?"

"முன்-பின் காட்டறதுக்கு மேடம். இது 'முன்'. விளம்பரத்துல முகம் போட மாட்டோம்."

முன்னாலேயே எடுத்ததைப் பின் என்றும், பின்னால் எடுப்பதை முன் என்றும் சொல்கிற இடம் அது. அவள் படுத்து எழுந்தாள்.

கொத்தனார்கள் சொன்ன தேதிக்கு வேலையை முடித்தார்கள். முதல் வாரம் வரிகள் மங்கின. மூன்றாம் வாரம் பால் நின்றது. அதுபற்றிப் பட்டியலிலேயே போட்டிருந்ததாம், சின்ன எழுத்து. புட்டிப் பாலுக்குப் பிள்ளை நாலு நாள் அழுதது, பிறகு பழகிக்கொண்டது. ஆவணி பதினொன்று அன்று, சரியாக வருஷம் திரும்புகிற நாளில், கல்யாணத்துக்குத் தைத்த ரவிக்கையைப் போட்டுப் பார்த்தாள். கொக்கி தடையில்லாமல் மாட்டியது. சுகன்யா அவளைச் சுற்றிச் சுற்றி வந்து திருஷ்டி கழித்தார்.

அடுத்த நாள்தான் பிள்ளையைக் குளிப்பாட்டித் தூக்கினாள். ஓடினாள்.

பத்து நாள் ஆயிற்று. பால் வாசம், பவுடர் வாசம், பிள்ளையின் தலை வாசம் எதுவும் ஆகவில்லை. எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி மூக்கில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் பிள்ளையின் காலை மட்டும் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பிள்ளையும் கெட்டிக்காரன். சிரிப்பதை நிறுத்திவிட்டான். அவள் அறைக்குள் வந்தால் தலையைத் திருப்பி, பார்த்துக்கொள்ள வைத்திருந்த ஆயாவைப் பார்த்தான்.

"மறுபடியுமா அம்மணி?" என்றார் சுகன்யா. "கைப்புள்ளய வெச்சுக்கிட்டு?" குரலில் அதட்டலும் சந்தோஷமும் சரிபாதி. சோதிக்கிற பட்டையில் இரண்டு கோடு வந்தது. படம் பிடித்துப் பார்த்தால் கர்ப்பப்பை காலி. அது எப்படி என்று ஒருவருக்கும் புரியவில்லை. பிள்ளையையும் தூக்கிக்கொண்டு எல்லாரும் கிளம்பி மையத்துக்கே போனார்கள்.

டாக்டர் ஷகீலா பானு அங்கே தலைமை மருத்துவர். ஐம்பது வயது. அந்தக் கட்டடத்திலேயே அவருக்கு மட்டும்தான் வயிறு இருந்தது. இரண்டு அறிக்கைகளையும் பார்த்தார், திரையில் எதையோ தேடினார், கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"யாழ்மொழி கர்ப்பமா இல்லை. ஆனா அவங்க உடம்பு கர்ப்பமா இருக்கு."

"புரியற மாதிரி சொல்லுங்," என்றார் சுகன்யா.

"நீங்க குடுத்த படி எதுவோ அதைத்தான் கொத்தனாருங்க கட்டுவாங்க. சரியாத்தான் கட்டியிருக்காங்க. ஆவணி பதினொண்ணாம் தேதி இந்தப் பொண்ணு முழுகாம இருந்திருக்கு. நாள் தள்ளிப் பத்து நாள். மசக்கை தொடங்கற நேரம். அந்த உடம்பைத்தான் திரும்பக் கட்டிக் குடுத்திருக்கோம்."

"அப்ப ஒம்பது மாசம் இப்படியேவா?" என்றார் ரம்யா.

"ஒம்பது மாசமா? ஒரு நாள்கூட நகராதுங்க. நகர விட்டாத்தானே? பதினொண்ணாம் தேதிய விட்டு உடம்பு விலகினா இழுத்து அதே தேதிக்குக் கொண்டுவந்துருவாங்க." டாக்டர் கொஞ்சம் தயங்கினார். "வாழ்நாள் உத்தரவாதம்."

யாழ்மொழி எலுமிச்சையை மூக்கிலிருந்து எடுக்கவில்லை. சுகன்யா விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். ஆவணி பதினொன்று. நாள் தள்ளிப் பத்து நாள். அதற்கு முன்னால் ஒரு பதினாலு நாள். விரல் ஆடி பதினெட்டில் போய் நின்றது. இரண்டாம் தடவை எண்ணினார். அங்கேயே நின்றது.

"ஆடியில இது பொள்ளாச்சியிலல்ல இருந்துச்சு?" மெதுவாகத்தான் சொன்னார். "என்ற பையன் இங்கல்ல இருந்தான்?"

ரம்யாவின் முகம் வெளுத்துவிட்டது. "சம்மந்தி, வார்த்தைய அளந்து பேசுங்க. எம்பொண்ண நான் கண்ணுல வெச்சுப் பார்த்தேன்."

"நான் ஒண்ணும் பேசலீங்களே. கணக்குத்தான் பேசுது."

யாழ்மொழி ஹர்ஷாவைப் பார்த்தாள். அவன் சுவரில் மாட்டியிருந்த இடுப்பெலும்புப் படத்தை வெகு அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தான். சொல்லிவிடலாம் அவளே. ஆனால் அவள் சொன்னால் அது சமாதானம். அவன் சொன்னால்தான் சாட்சி. அதை அவனும் அறிவான். படத்தில் அத்தனை எலும்புகள் இருந்தன, அவனிடம் ஒன்றைத்தான் அவள் எதிர்பார்த்தாள்.

"ஹர்ஷா," என்றாள். அவ்வளவுதான்.

அவன் தொண்டையைச் செருமினான். "அம்மா, போன ஆடிப்பெருக்குக்கு நான் பழனி போனேன்ல..."

"ஆமா. அதுக்கென்ன இப்ப?"

"போகலை."

"என்னடா போகல? பஞ்சாமிர்தம் கொண்டாந்தியே! சாமிகிட்ட வெச்சு, கும்பிட்டு, வீதி பூராம் குடுத்தேனேடா!"

"பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டு பேக்கரியில வாங்குனதும்மா."

சுகன்யா நாற்காலியில் சாய்ந்துவிட்டார். மகன் பொண்டாட்டியைப் பார்க்கப் போனது அவருக்கு அவ்வளவாக உறைக்கவில்லை. பேக்கரி ஜாமுக்கு அவர் சூடம் காட்டியிருக்கிறார்.

"ஆழியார்ல ஒரு லாட்ஜு," என்று ஹர்ஷா தானாகவே தொடர்ந்தான். ஆரம்பித்தால் அவனுக்கு நிறுத்தத் தெரியாது. "ரூம் குடுக்கறவன் கல்யாணம் ஆனதுக்கு ஆதாரம் கேட்டான். தாலியக் காட்டினா நம்பலை. சான்றிதழ் காட்டித்தான்..."

"போதும்டா!"

"தோழி வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போனியே, அன்னிக்கா?" என்று ரம்யா மகளைக் கேட்டார். யாழ்மொழி தலையாட்டினாள். தாலி கட்டிய இரண்டு பேர், தலைமறைவுக் குற்றவாளிகள் மாதிரி, ஆழியாறு அணையோரம் ஒளிந்து திரிந்த கதையை டாக்டர் ஷகீலா பானு கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டார். துடைக்க அதில் ஒன்றுமில்லை. சிரிப்பை மறைக்க ஒரு வேலை வேண்டியிருந்தது.

"இப்ப என்ன வழிங்க?" யாழ்மொழிதான் கேட்டாள். "எனக்கு என் பையனத் தூக்கணும். அது போதும்."

"உங்களோட வேற படி இருந்தா கொத்தனாருங்களுக்கு அதைக் காட்டி அங்க கொண்டுபோயிரலாம். கல்யாணத்துக்கு முந்தி எடுக்கலையே."

"இருக்குதுங்க," என்றாள் யாழ்மொழி. "'முன்'னு ஒண்ணு எடுத்தீங்களே. ஆனியில. விளம்பரத்துக்கு."

டாக்டர் நிமிர்ந்தார். திரையில் தேடி எடுத்தார். அறை நடுவே யாழ்மொழியின் உடம்பு, பிள்ளை பெற்று எழுபத்தைந்தாம் நாளில் இருந்தபடி, வந்து நின்றது. குழைந்த வயிறு, தென்னங்கீற்று வரிகள், கனத்த மார்பு. முகத்தை மட்டும் மறைத்திருந்தார்கள். மறைக்க வேண்டிய அவமானம் என்று ஆளுக்கு ஒன்றை முடிவு செய்துகொண்ட உலகம்.

"இதுல பால் இருக்குங்களா?"

"இருக்கு. ஆனா யோசிச்சுக்குங்க. கொத்தனாருங்கள உள்ள விட்டு வெச்சா, அறுபது வயசு வரைக்கும் இதே பால், இதே வயிறு."

"அங்க கொண்டுபோய் விட்டுட்டு அவங்கள வெளிய அனுப்ப முடியாதுங்களா?"

"முடியும். படிய அழிச்சுட்டா, பார்த்துக் கட்ட ஒண்ணுமில்லாம ஒரு வாரத்துல சிறுநீரோட போயிருவாங்க. அப்புறம் உடம்பு அது பாட்டுக்குப் போகும். வயசாகும், தொங்கும், இளைக்கும், பெருக்கும். எதுக்கும் உத்தரவாதம் கிடையாது."

"வேண்டாங்க. அந்த உத்தரவாதத்த நீங்களே வெச்சுக்குங்க."

"மறுபடி அந்த வயித்துக்கா?" சுகன்யா குறுக்கே வந்தார். "ஊரே பார்த்துச்சு அம்மணி, பொண்ணு கொடியாட்டம் ஆயிருச்சுன்னு. இன்னும் ஒரு டாக்டரப் பார்க்கலாம். பெங்களூர்ல..."

"அத்தை," என்றாள் யாழ்மொழி. எழுந்துபோய் அவர் மடியிலிருந்த பிள்ளையை இரண்டு கையாலும் தூக்கினாள். மார்போடு அணைத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒன்று, இரண்டு, மூன்று வரை நின்றாள். நாலில் கண்ணில் நீர் முட்டி, குனிந்து, பிள்ளையை நீட்டிவிட்டு, டாக்டரின் குப்பைக்கூடையைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளை வீறிட்டது.

சுகன்யா பேரனை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். வெகுநேரம் முதுகைத் தட்டினார். பிறகு, ஹர்ஷாவை வெளியே போகச் சொன்னார். அவன் போனதும் சேலை மடிப்பைக் கொஞ்சம் விலக்கினார். இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்பு வரை, வெள்ளிக் கம்பி பதித்ததுபோல ஒரே தழும்பு.

"ஹர்ஷா பொறந்து எட்டாம் மாசம். அவங்கப்பா ஒண்ணும் சொல்லல. உனக்கு எது சௌகரியமோன்னாரு." யாழ்மொழிக்கு அந்த வாக்கியம் எங்கேயோ கேட்டதுபோல இருந்தது. "அன்னிக்கு வெட்டித் தைக்கறதுதான். தோல இழுத்துக் கீழ தெச்சா தொப்புள் எடம் மாறிப்போகுமில்ல? அதனால புதுசா ஒரு ஓட்ட போட்டு அதுல வெச்சுத் தெச்சாங்க. இது எங்கம்மா குடுத்த எடத்துல இல்ல, டாக்டர் வெச்ச எடத்துல இருக்குது. தையல் பிரியும்னு ரெண்டு மாசம் இவனத் தூக்கக் கூடாதுன்னுட்டாங்க. நான் மறுபடி தூக்கப் போனப்ப இவன் ஆயாகிட்டப் போயிட்டான்."

சேலையைச் சரி செய்துகொண்டார். குரலைப் பழைய சுருதிக்குக் கொண்டுவந்தார். "எங்க கையெழுத்துப் போடணும்?"

மையத்தின் சட்டப்பிரிவு ஒரு கடிதம் கேட்டது. 'படி எடுத்த நாளில் நான் கருவுற்றிருந்தேன், படிவத்தில் தவறாகச் சொன்னேன்' என்று மனைவியும், 'உண்மைதான்' என்று கணவனும், இரு வீட்டுப் பெரியவர்களும் எழுதித் தர வேண்டும். ஹர்ஷா அதில் பழனியையும் சேர்த்து எழுதினான். அதெல்லாம் தேவையில்லை என்று அவர்களே அடித்துக் கொடுத்தார்கள்.

இன்னொரு மண்டலம். வயிறு மெல்லக் குழைந்தது. வரிகள் ஒவ்வொன்றாக, போன இடத்திலிருந்து ஊருக்குத் திரும்புகிறவர்கள் மாதிரி வந்து சேர்ந்தன. ஐந்தாம் வாரம் குமட்டல் போயிற்று. ஆறாம் வாரம் பால் கட்டியது. புட்டிக்குப் பழகின பிள்ளை மூன்று நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டது. நாலாம் நாள் தூக்கக் கலக்கத்தில், தேடாததுபோலத் தேடி, பிடித்துக்கொண்டது. கை தானாக வயிற்றுக்குப் போய் ஒரு வரியைக் கண்டுபிடித்துத் தடவியது. யாழ்மொழி அசையவில்லை. கால் மரத்துப்போகிற வரை அசையவில்லை.

ஐப்பசியில் படியை அழிப்பதற்காகக் கடைசி முறை மையத்துக்கு வந்தார்கள். யாழ்மொழி, பிள்ளை, சுகன்யா. டாக்டர் ஷகீலா பானு களைத்துப்போயிருந்தார்.

"உங்க கதைக்கப்புறம் பழைய பதிவெல்லாம் எடுத்துப் பார்த்தேன்," என்றார். "இந்த ஊர்ல யாரும் ஆடியில படி எடுக்கறதில்லை. எடுக்கறதெல்லாம் ஆவணி. ஊசி போட்டு முடிச்சவங்கள்ல மட்டும் ஆவணிப் படிக்காரங்க அறுபத்துமூணு பேரு. ஒவ்வொருத்தருக்கும் நானே போன் பண்ணேன். பாதிப் பேருக்கு வாந்தி. என்ன வாந்தின்னா, பித்தம்ங்கறாங்க. ஒரு டெஸ்ட் எடுக்கலாமான்னா, எங்க பொண்ணு ஆடியில எங்க வீட்டுலதான் இருந்துச்சுங்கறாங்க. கடிதம் இல்லாம நான் படியத் தொட முடியாது. இப்பக்கூட வெளிய உட்கார்ந்திருக்காங்க, பித்தத்துக்கு மருந்து வாங்க."

வெளியே வந்து பார்த்தார்கள்.

வரும்போது கவனிக்கவில்லை. கூடம் நிறைய இளம்பெண்கள். எல்லாரும் கொடிபோல இருந்தார்கள். எல்லார் முகமும் வெளிறியிருந்தது. ஒவ்வொருத்திக்கும் ஒரு பக்கம் அம்மா, மறுபக்கம் மாமியார். ஒவ்வொருத்தி மூக்கிலும் ஒரு எலுமிச்சம்பழம். குழந்தைகளெல்லாம் எட்டத்தில், ஆயாக்களின் மடியில். இல்லாத மல்லிகையின் வாசத்தை மீறி எலுமிச்சை மணத்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

யாழ்மொழி நின்றுவிட்டாள். ஓரத்து நாற்காலியில் இருந்த பெண்ணுக்கு அவள் வயதுதான் இருக்கும். எட்டத்தில் அழுத குழந்தையை நோக்கி எழுந்தவள், இரண்டடி வைத்து, வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி உட்கார்ந்தாள். யாழ்மொழிக்கு ஏதோ சொல்ல வேண்டும்போல இருந்தது.

சுகன்யாதான் போனார். கிரைண்டர் கம்பெனி முதலாளியம்மா, வைரத்தோடு, பட்டுச்சேலை. வீதியில் தன் வீட்டுப் பேச்சு வந்துவிடக் கூடாது என்று வாசல் கதவைச் சாத்தியே பழகினவர். அந்தப் பெண்ணின் மாமியாருக்குப் பக்கத்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"பித்தமுங்களா?"

"ஆமாங்க. பித்தந்தான்," என்றார் அந்த அம்மா விறைப்பாக.

"எங்க மருமகளுக்கும் இருந்துச்சுங்க." கூடம் முழுவதும் கேட்கிற மாதிரி, வேண்டுமென்றே, சத்தமாகச் சொன்னார் சுகன்யா. "என்ற பையன் ஆடிப்பெருக்குக்குப் பழனி போறேன்னு சொல்லிப்போட்டுப் பொண்டாட்டியப் பார்க்கப் போயிட்டானுங்க. பஸ் ஸ்டாண்டு பஞ்சாமிர்தத்துக்கு நான் சூடங்காட்டிக் கும்பிட்டிருக்கறேன். அதான் பித்தம்."

எலுமிச்சம்பழங்களெல்லாம் ஒரு கணம் அசையாமல் நின்றன. எங்கேயோ ஒரு அம்மா இருமினார்.

சுகன்யா அந்த மாமியாரை விட்டுவிட்டு, எட்டி, அந்தப் பெண்ணின் பக்கம் குனிந்தார். குரல் இறங்கிவிட்டது.

"உன்ற ஊட்டுக்காரர் எங்க போறேன்னு சொல்லிட்டு வந்தாரு கண்ணு?"

அந்தப் பெண் அம்மாவைப் பார்த்தாள். மாமியாரைப் பார்த்தாள். எட்டத்தில் ஆயா மடியில் அழுதுகொண்டிருந்த குழந்தையைப் பார்த்தாள். மூக்கிலிருந்த எலுமிச்சம்பழத்தை மெல்ல இறக்கினாள்.

"மருதமலை," என்றாள்.